அளவை அட்டையிடம் கொடுத்தேன்

வெள்ளை ஜார்ஜெட்டில் பதினான்கு பாவாடை. ஒவ்வொன்றிலும் இடுப்பைச் சுற்றி நாற்பத்தெட்டு மடிப்பு. புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, வாங்கும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்காக மே மாதத்தில் நான் எடுத்த வேலை இது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் வீட்டிலேயே வைத்துத் தைப்பவள் நான். ஒரு மிஷின், ஒரு ஓவர்லாக், ஓர் அயர்ன் பாக்ஸ், அவ்வளவுதான். மெஷினில் மடிப்புப் போட்டுத் தரும் வெளியூர்க் கடை ஒன்றில் துணியைக் கொடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி என்று நம்பி முன்பணமும் வாங்கிவிட்டேன். பூசைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. மெஷின் பழுதாம், இந்த மாதம் ஆகாதாம். துணி மடிப்பில்லாமல் அப்படியே திரும்பி வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் நான் செய்துகொண்ட, துணிக்கு மடிப்புப் போடும் அட்டைக் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். செலவு முந்நூறு ரூபாய்க்குள். அது இல்லாமல் அந்தப் பிள்ளைகளின் உடுப்பை முடித்திருக்க முடியாது.

முதலில் ஒரு பாவாடையைக் கையாலேயே மடித்துப் பார்த்தேன். அரை இஞ்சு மடிப்பு. இஞ்சு டேப்பை வைத்து, சாக்பீஸால் குறித்து, குண்டூசி குத்தி, தேய்த்து, அடுத்ததற்கு நகர்ந்தேன். ஒரு மதியம் முழுவதும் போனது. முடித்து அளந்தால் 24 இஞ்சு வரவேண்டிய இடுப்பு 21½ இஞ்சில் நிற்கிறது. கீழ்விளிம்பில் சில மடிப்புகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் சாய்ந்திருந்தன. எங்கே தப்பு என்று ஒவ்வொரு மடிப்பாக அளந்தேன். எந்த மடிப்பிலும் பெரிய தப்பு இல்லை. ஒன்றில் கால் நூல், இன்னொன்றில் அரை நூல். தைக்கிறவர்களுக்குத் தெரியும், எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்சு. மடிப்புக்கு அரை நூல் பிசகினால் நாற்பத்தெட்டு மடிப்பில் இருபத்துநான்கு நூல், அதாவது மூன்று இஞ்சு. சட்டைக் கழுத்தில் அரை நூல் தவறினால் எவர் கண்ணுக்கும் தெரியாது. மடிப்பு வேலையில் அந்த அரை நூல் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் இடுப்புப் பட்டியில் வந்து நிற்கும்.

அன்று சாயங்காலம் அம்மச்சி திண்ணையில் இருந்தாள். எண்பத்துநான்கு வயது. முளகுமூடு கன்னியர் மடத்தில் சின்ன வயதில் ரேந்தை பின்னப் படித்தவள். ரேந்தை என்றால் எங்கள் பக்கத்தில் லேஸ். 1820களிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். 1897இல் மதர் மேரி லூயிஸ் முளகுமூட்டுக்கு வந்த பிறகு அங்கே மடத்திலும் பிள்ளைகளுக்கு ஊசிவேலை கற்றுக்கொடுத்தார்கள். அந்த வழியில் வந்த கை அம்மச்சியுடையது. நான் சாக்பீஸ் குறியை அழித்து அழித்துப் போடுவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு,

"பிள்ளே, எண்ணிக்கிட்டே கெடந்தா எப்ப தச்சு முடிப்ப? அளவ அட்டையில குத்தி வச்சிரணும். பொறவு கை அது பாட்டுக்குப் போவும்" என்றாள்.

எழுந்துபோய் அவளுடைய தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து வந்தாள். பழுப்பேறி, விளிம்பெல்லாம் மெழுகுபோல வழவழப்பாகியிருந்தது. அதில் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள். ரேந்தை பின்னும்போது வைக்கோல் அடைத்த தலையணை மேல் இந்த அட்டையை விரித்து, துளைதோறும் குண்டூசி நிறுத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போடுவார்கள். பூவும் இலையும் எங்கே வரவேண்டும் என்பதை அட்டையே வைத்திருக்கும். பின்னுகிறவள் அளக்கவே வேண்டாம். ஒரு அட்டையைக் குத்த மூன்று நாள் ஆகுமாம். குத்தி முடித்தால் முப்பது வருஷம் ஓடுமாம்.

எனக்கு வேண்டியதும் அதுதான் என்று அப்போது பட்டது. நாற்பத்தெட்டு மடிப்பு, பதினான்கு பாவாடை. மொத்தம் 672 தடவை அளப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, அட்டையில் அளப்பது.

மடிப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கம் சாயும் மடிப்பில், வெளியே அரை இஞ்சு தெரிந்து அடுத்த மடிப்பு அதைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டுமானால், உள்ளே போக அரை, திரும்பி வர அரை, வெளியே தெரிய அரை, ஆக ஒன்றரை இஞ்சு துணி வேண்டும். இடுப்பளவைப் போல மூன்று மடங்கு. 24 இஞ்சு இடுப்புக்கு 72 இஞ்சு, பக்கத் தையலுக்கு 2 இஞ்சு, மொத்தம் 74. ஜார்ஜெட்டின் பன்னா, அதாவது துணியின் அகலம், 44 இஞ்சு. இரண்டு துண்டு சேர்த்தால் 88, போதும். நீளம் 17 இஞ்சு, தையலுக்கு 1 சேர்த்து 18. ஆக ஒரு பாவாடைக்கு ஒரு கெஜம் துணி. மிச்சமாகும் 14 இஞ்சு மேல்சட்டையின் கைக்கு ஃபிரில் வைக்க உதவும்.

அட்டையிலும் இதே கணக்குத்தான். கோடுகளை அரை இஞ்சு, ஒரு இஞ்சு, அரை இஞ்சு, ஒரு இஞ்சு என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு கோட்டை மேட்டு மடிப்பாகவும் அடுத்ததைப் பள்ள மடிப்பாகவும் மடிக்க வேண்டும். மேட்டிலிருந்து அரை இஞ்சு பின்னால் உள்ளே போகும், பள்ளத்திலிருந்து ஒரு இஞ்சு முன்னால் வந்து அடுத்த மேடாகும். மடித்து முடித்தால் ஜன்னலில் சாய்த்து வைத்த பலகைத் தட்டிகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். அந்தத் தட்டிகளுக்கு இடையில் துணியைச் செருகித் தேய்க்க வேண்டும். இதுதான் மடிப்புப் பலகை.

சொல்வது எளிது. எனக்கு மூன்றாவது பலகைதான் சரியாக வந்தது.

முதல் பலகையை வீட்டில் கிடந்த கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, பட்டை பட்டையாகத் துணியில் ஒட்டிச் செய்தேன். நல்ல கெட்டி அட்டை. ஆனால் ஈரத்துணி போட்டுத் தேய்த்ததும் ஒரு சிவப்பு அட்டையின் மை இளகி வெள்ளை ஜார்ஜெட்டில் ஒட்டிவிட்டது. இளஞ்சிவப்பாக ஒரு விரல் நீளக் கறை. சோப்பு போட்டும் எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிட்டு மார்த்தாண்டம் போய் ஒரு மீட்டர் புதிதாக வாங்கினேன். அச்சடித்த அட்டை, சாயம் போட்ட அட்டை எதையும் துணிக்கு அருகில் கொண்டு வராதீர்கள். வெள்ளை அட்டைதான் வேண்டும். அதையும் முதலில் ஒரு பழந்துணியை ஈரமாக்கிப் போட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் சார்ட் அட்டை. மடிப்பு அழகாக விழுந்தது. இரண்டாவது பாவாடை முடியும்போதே ஆவியில் தொளதொளவென்று ஆகிவிட்டது. பழகிப் பார்க்கச் சார்ட் போதும். வேலைக்கு ஆகாது. காலண்டர் அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். அது தடிமன். மடிக்கிற இடத்தில் வெடிக்கிறது, தட்டிகள் அடுக்கடுக்காக உயர்ந்து மேலே துணி சமமாகப் படுக்கவில்லை.

மூன்றாவது, அச்சகத்தில் கேட்டு வாங்கிய வெள்ளை ஐவரி போர்டு, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), 22க்கு 28 இஞ்சு ஷீட். இதுதான் நின்றது. ஷீட்டை வாங்கும்போதே இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணக்கமாக வளையும், மறு பக்கம் முரண்டு பிடிக்கும். அட்டையின் நார் ஓட்டம் அது. மடிப்புக் கோடுகள் நார் ஓடும் திசையிலேயே விழவேண்டும். குறுக்கே மடித்தால் விளிம்பில் செதில் செதிலாக வெடித்து, பிறகு ஜார்ஜெட்டின் இழையைப் பிடித்து இழுக்கும். எனக்குக் கிடைத்த ஷீட்டில் நார் 22 இஞ்சுப் பக்கமாக ஓடியது. 28 இஞ்சில் ஒன்றரை இஞ்சு வீதம் பதினெட்டு மடிப்பு, 27 இஞ்சு. மடித்தபின் பலகையின் அகலம் 9 இஞ்சு, நீளம் 22. பதினேழு இஞ்சுப் பாவாடைக்குத் தாராளம்.

கோடு போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. அரை இஞ்சு குறித்து, அந்தக் குறியிலிருந்து ஒரு இஞ்சு, அதிலிருந்து அரை என்று தாவித் தாவிக் குறித்தால் கையால் மடித்தபோது வந்த அதே தப்பு அட்டையிலும் வரும். ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்யத்தை அட்டையின் ஒரு முனையில் வைத்து, நகர்த்தாமல் ½, 1½, 2, 3, 3½, 4½, 5, 6 என்று ஸ்கேலில் உள்ள எண்ணைப் பார்த்தே குறிக்க வேண்டும். அப்போது ஒரு குறி தவறினாலும் அது அடுத்ததைத் தொடாது. 24 இஞ்சு ஸ்கேல்தான் இருந்தால் 24இல் ஒரு கோடு போட்டு அங்கிருந்து மிச்சத்தை எடுங்கள். துணி டேப்பை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். என் டேப்பை ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்தபோது அறுபது இஞ்சில் இரண்டு நூல் நீண்டிருந்தது. எத்தனை வருஷமாக அதை வைத்து வெட்டினேனோ, அன்றே மாற்றிவிட்டேன். மேல்முனை, நடு, கீழ்முனை மூன்று இடத்திலும் குறித்து, மூன்று புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை அணைத்து அழுத்திக் கீறினேன். பிளேடு வேண்டாம், அட்டையை அறுத்துவிடும். பேனா முனை ஒரு பள்ளம் மட்டும் போடும், அட்டை தானாக அங்கே மடியும்.

எல்லாவற்றையும் மடித்துப் படியவைத்து, பலகையைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் முழுக்கப் பசையுள்ள காட்டன் கேன்வாஸை ஆவியில்லாத சூட்டில் ஒட்டினேன். தட்டிகள் இனி விரியாது, முன்பக்கம் வாய் மட்டும் திறக்கும். ஒட்டும்போது மறந்துபோய் முன்பக்கம் ஒட்டிவிட்டால் எல்லாம் வீண்.

அட்டைத் தடிமனால் துணிக்கு உள்ளே கிடைக்கும் ஆழம் அரை இஞ்சைவிடச் சற்றுக் குறையும். அதனால் கணக்கிட்ட 72 இஞ்சில் ஒன்றிரண்டு இஞ்சு மிஞ்சும். மிஞ்சியதைப் பக்கத் தையலில் விட்டுவிடலாம்.

இனித் துணி. மடிப்பதற்கு முன்பே கீழ்விளிம்பை முடித்துவிட வேண்டும். மடித்த பிறகு கீழே மடக்கித் தைக்க நினைத்தால் நாற்பத்தெட்டு மடிப்பையும் திறக்க வேண்டிவரும். ஜார்ஜெட்டுக்கு மடக்கித் தைப்பதைவிட, விளிம்பை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைக்கும் பீக்கோ நல்லது, விளிம்பில் பருமன் சேராது. இரண்டு துண்டையும் இணைக்கும் தையல் உள்மடிப்பில் ஒளியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் மேட்டுக் கோட்டிலிருந்து 41 இஞ்சில் இணைத்தேன். இருபத்தேழு மடிப்புக்கு 40½, அதிலிருந்து உள்ளே போகும் அரை. வெளியே நின்று பார்க்கிறவர் இணைப்பைத் தேடினாலும் காணமாட்டார்.

பலகையை மேசையில் வைத்து, பாவாடையின் இடுப்புப் பக்கம் முக்கால் இஞ்சு பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி துணியை விரிக்க வேண்டும். அந்த முக்கால் இஞ்சுதான் பிறகு மடிப்பைக் கலையாமல் பிடித்துத் தைக்க இடம் தரும். முதல் இரண்டு பாவாடைக்கு இது தெரியாமல் துணி முழுவதையும் பலகைக்குள் வைத்துவிட்டேன். எடுக்கும்போது பாதி மடிப்பு அவிழ்ந்தது. செருகுவதற்கு ஆறு இஞ்சு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். முதலில் இரண்டு ஓரத்தையும் உள்ளே தட்டும்வரை செருகி, பிறகு நடுவை. ஒரு கை ஏற்கெனவே செருகிய மடிப்புகளின் மேல் படிந்தே இருக்கட்டும். நான்கு நான்கு மடிப்புக்கு ஒரு குண்டூசியும் வேண்டும். ஜார்ஜெட் வழுக்கும் துணி, கையை எடுத்தால் வெளியே வந்துவிடும்.

பதினெட்டு தட்டி உள்ள பலகையில் நாற்பத்தெட்டு மடிப்பும் ஒரே தடவையில் வராது. முதல் தடவை பதினெட்டு. அடுத்த தடவை, போட்டு முடித்த கடைசி இரண்டு மடிப்பையும் பலகையின் முதல் இரண்டு தட்டியில் திரும்பச் செருகிவிட்டு மீதித் தட்டிகளில் பதினாறு. மூன்றாம் தடவை அதேபோல் இரண்டைச் செருகிப் பதினான்கு. அந்த இரண்டு மடிப்பும் திரும்ப உட்காரவில்லை என்றால் தொடரும் இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் அகலமாகத் தெரியும், தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும்.

சூட்டைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் தப்பு என்று இந்த வேலையில்தான் தெரிந்தது. நன்றாகச் சூடு கொடுத்தால் மடிப்பு நிற்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கடையில் ஜார்ஜெட் என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்து இழை ஒன்றை உருவி நெருப்பில் காட்டினால் உருகிக் கருப்பு மணியாகும். பருத்தி இழை தாள்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் இழை எழுபது, எண்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உள்ளுக்குள் இளகத் தொடங்கும். உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அயர்ன் பாக்ஸில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இரண்டு புள்ளியில் வைத்து, இடையில் பழைய நேரியலை (தோளில் போடும் மெல்லிய துண்டு) ஈரமாக்கிப் பிழிந்து விரித்து, அழுத்தி, பதினைந்து எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்துத் தேய்க்கக் கூடாது. மேலிருந்து மட்டும் கொடுத்தால் உள்மடிப்புக்குச் சூடு போதாது. அட்டை தடுத்துவிடும். பலகையோடு புரட்டிப் பின்பக்கமும் அதேபோல அழுத்த வேண்டும்.

பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில், அதாவது கொட்டாங்கச்சியில், ஊற்றுவார்கள். சிரட்டையின் வடிவம் கருப்பட்டிக்கு வருவது ஊற்றும்போது அல்ல, ஆறும்போது. சூட்டோடு தட்டினால் இழுபட்டுக்கொண்டு வரும். பாலியஸ்டரும் அப்படித்தான். இளகிய இழை ஆறும்போது எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவில் இறுகும். வெதுவெதுப்பு இருக்கும்போதே பலகையிலிருந்து உருவினால் மடிப்பின் முனை மழுங்கிவிடும். நான் ஒரு மரப்பலகையை மேலே வைத்து, மின்விசிறியின் கீழ் பத்து நிமிஷம் விட்டேன். உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதன்பின் வெளியே நீட்டிய முக்கால் இஞ்சில் ஓட்டுத்தையல் போட்டு, கீழ்விளிம்புக்கு இரண்டு இஞ்சு மேலே இன்னொரு ஓட்டுத்தையல் போட்டு, மெல்ல உருவினேன். கீழே போட்ட ஓட்டுத்தையலை, உடுப்பைக் கையில் கொடுக்கும் நாளில்தான் பிரித்தேன்.

அம்மச்சி வந்து விரலால் ஒரு மடிப்பைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். அது திரும்பத் தன் இடத்தில் போய் விழுந்தது. "நல்லா வந்திருக்கு மக்களே" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை செருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் கை வேகம் பழகிவிட்டது. ஒரு பாவாடைக்கு மூன்று செருகல், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். பதினான்கும் ஆறு நாளில் முடிந்தன.

இடுப்பளவு எல்லாப் பிள்ளைக்கும் 24 அல்ல. 23 இஞ்சுப் பிள்ளை இருந்தாள். அவளுக்காகத் தனிப் பலகை செய்ய வேண்டியதில்லை. ஓட்டுத்தையல் போடும் முன், பதினாறு மடிப்பை இடுப்பில் மட்டும் அரை நூல் வீதம் ஏற்றி வைத்தால் எட்டு நூல், ஒரு இஞ்சு குறையும். எண்ணி, மூன்று மடிப்புக்கு ஒன்றாகப் பரப்பிச் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் ஒரு இஞ்சைச் செருகினால் பாவாடை அந்தப் பக்கம் தூக்கும்.

கைக்கு வைக்கும் சின்ன ஃபிரிலுக்குப் பலகை பெரிது. அதற்கு ஒரு முள்கரண்டி செய்தேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டை ஐந்து இஞ்சு நீளத்தில் வெட்டி, முனையை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, ரப்பர் மரத்துண்டு ஒன்றில் அரை இஞ்சு இடைவெளியில் துளைபோட்டு இறக்கியது. மரவேலைக்குப் போகும் என் தம்பிதான் துளை போட்டுத் தந்தான். துணி விளிம்பை இரண்டு கம்பிக்கும் நடுவில் விட்டு, அரைச்சுற்றுத் திருப்பி, மேசையில் படுக்கவைத்து, மிஷின் ஊசி அருகில் கொண்டுபோய்த் தைத்து, கம்பியை உருவிக்கொண்டால் ஒரு மடிப்பு. கம்பி இரண்டு மில்லிமீட்டர்தான் தடிமன் என்பதால் மடிப்பு மெலிசாக விழும். ஒரே எச்சரிக்கை: கடலோரக் காற்றில் முலாம் போன கம்பி துருப்பிடிக்கும். எனக்கு ஒரு சட்டைக் கையின் ஓரத்தில் துருக்கோடு விழுந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள், வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள், திரும்ப எடுக்கும்போது எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

பருத்தியில் இதே பலகையை வைத்துச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் பருத்தி, காய்ந்த பனையோலை மாதிரி. மடித்துக் காயவைத்தால் மடிப்பு நிற்கும், தண்ணீரில் நனைத்தால் இளகிவிடும். பெட்டி முடைகிறவர்கள் ஓலையை நனைத்துத்தானே வசப்படுத்துகிறார்கள். பருத்தி மடிப்பு முதல் துவைப்போடு கலையும் என்று தெரிந்தே எடுங்கள், அல்லது ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் ஒரு மெல்லிய தையல் ஓட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் தேய்த்தால் பருத்தியில் முனை கொஞ்சம் கூர்மையாக விழுகிறது. பாலியஸ்டரில் அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பள்ளிச் சீருடைக்கு வரும் டெரிகாட்டன் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். பலகையில் போட்டது மூன்று நான்கு துவைப்பு வரை தானாக நிற்கிறது, பிறகு லேசாகத் தேய்த்துவிட வேண்டும். செயற்கைச் சரிகை உள்ள துணியை மட்டும் சூட்டில் வைக்கும் முன் ஓரத்தில் சோதியுங்கள். நாட்டிய உடுப்புக்காக வந்த ஒரு துணியின் சரிகை, இரண்டு புள்ளி சூட்டிலேயே சுருண்டு கருகியது. நல்லவேளை, வெட்டி எடுத்த துண்டில்தான் பார்த்தேன்.

அந்த வேலைகள் முடிந்தபின் இன்னொரு முறையையும் பழகினேன். மேலே ஒடுங்கிக் கீழே விரியும் கதிர் மடிப்பு தட்டிப் பலகையில் வராது. அதற்குக் கெட்டியான காக்கித் தாள் இரண்டை ஒரே அளவில் மடித்து, நடுவில் துணியை வைத்து, மூன்றையும் சேர்த்து விசிறிபோலச் சுருக்க வேண்டும். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993இல் கொண்டுவந்த மடிப்பு உடைகள்கூட முதலில் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு தாள்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தப்பட்டவைதான். தைத்து முடித்துவிட்டு மடிப்பது என்ற அந்த வரிசை எனக்குத் துணிச்சல் கொடுத்தது. தங்கை மகளின் பாவாடையைச் சுருக்கி, நாடாவால் கட்டி, பழைய வேட்டியில் சுற்றி, வீட்டில் நெல்லவிக்கிற அண்டாவில் அடியில் செங்கல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, சுற்றிய மூட்டையை நிற்கவைத்தேன். நாற்பது நிமிஷம் ஆவி. நூறு டிகிரி ஆவி பாலியஸ்டரை இளக்கப் போதும். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் தாள் ஊறிக் கிழியும் என்பதால் மூடிக்கு உள்ளே ஒரு துண்டைக் கட்டினேன். அடுப்பை அணைத்தபின் தொடவில்லை. மறுநாள் காலையில்தான் பிரித்தேன். அயர்ன் பாக்ஸ் போட்ட கூர்மை இல்லை. ஆனால் மென்மையாக, நடக்கும்போது அலையடிக்கிற மாதிரி விழுந்தது. தாள் இரண்டும் மூன்று தடவைக்கு வந்தன.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் அட்டை எதுவும் அட்டையாக இருக்காது. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஈரத்தில் வளைந்துவிடும், மூலையில் வைத்தால் பூச்சி அரிக்கும். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, அலமாரி மேல்தட்டில் வைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் எடுத்து ஸ்கேல் வைத்து அளப்பேன். ஒன்பது இஞ்சில் ஒரு நூல் மாறியிருந்தாலும் புதிது செய்ய வேண்டும். என் மூன்றாவது பலகை இப்போது இரண்டாம் வருஷத்தில் இருக்கிறது, இன்னும் ஒன்பது இஞ்சில்தான் நிற்கிறது.

அடுத்து பள்ளிச் சீருடைப் பாவாடைக்கான பாக்ஸ் மடிப்புப் பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் இரண்டிரண்டு தட்டிகள் ஒன்றையொன்று பார்த்தபடி படிய வேண்டும், அதனால் கோட்டு வரிசை 1, 2, 1, 2 இஞ்சு என்று வரும். மேடு, பள்ளம், பள்ளம், மேடு என்று மடிப்பு முறையும் மாறும். 28 இஞ்சு ஷீட்டில் நான்கு மடிப்பு மட்டுமே கிடைக்கிறது, இரண்டு ஷீட்டை ஒட்டத்தான் வேண்டும். ஒட்டுகிற இடம் தட்டியின் அடிப்பக்கம் வரும்படி குறித்திருக்கிறேன். அம்மச்சி தன் ரேந்தை அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள். அதே பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில், என் பலகையோடு சேர்த்து அதையும் வைத்திருக்கிறேன்.